ஞாயிற்றுக்கிழமை வாயில்லாச் சீவன்

பிறஸ்ரன், மெல்பேண்
15.02.1998

அன்பின் தம்பி கிறிகோரிக்கு,

அந்தோனியாரின் புண்ணியத்தில் நிற்கிறேன், நடக்கிறேன், சமைத்துச் சாப்பிடுகிறேன். எழுபது வயதுக்கு இது போதும். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு உடுத்து, ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலையில் தினமும் உனக்கென்று ஒரு மணி தள்ளுகிறேன்.

இங்கே ட்றாமில் ரிக்கற் கிழிக்கிற ஆட்களை நிறுத்துகிறார்கள். எங்கள் பாதையில் ஒரு தடித்த பெண் இருந்தாள். ஏறும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, நான் இருந்த பிறகுதான் மணி அடிப்பாள். இப்போது அவளுடைய இடத்தில் ஒரு இயந்திரம் நிற்கிறது. சில்லறை மட்டும்தான் தின்னுமாம், தாள்காசை நீட்டினால் ஏறெடுத்தும் பார்க்காது. அந்தத் தாள்காசும் இப்போது பிளாஸ்ரிக். சட்டைப்பையோடு தோய்த்துக் காயப்போட்டாலும் சிரித்துக்கொண்டு வருகிறது. சந்தியில் இருந்த வங்கியை மூடிவிட்டுச் சுவரில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள், இனி நான் அந்த ஓட்டையோடுதான் அலுவல் பார்க்க வேண்டுமாம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனிசரைக் கடிக்கிற காலம். பக்கத்து வீட்டு டொறீன் என்னைவிட மூத்தவள், இந்த ஊரிலேயே பிறந்தவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "போத்தலிலை பால் வாறது நிண்ட அண்டைக்கே இந்த நாடு முடிஞ்சுது" என்கிறாள். எனக்கு அவளை நன்றாகப் பிடிக்கும்.

இன்னொரு கரைச்சல். நத்தார் முடிந்ததிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் போன் அடிக்கிறது. எடுத்து ஹலோ என்றால் பதில் இல்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. பின்னாலே எங்கேயோ கோயில் மணி. நம்பரை மாற்றுவோம் என்கிறான் மகன் சுரேஸ்.

எனக்கும் போனுக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும். உன் அத்தான் செத்த சேதி போனில் வந்தது. அம்மாவுடையதும் அதில்தான், பெரியண்ணனுடையதும் அதில்தான். அதனால்தான் நீ இத்தாலிக்குப் போனபோது அந்தோனியார்மேல் சத்தியம் வாங்கினேன்: "சாவெண்டால் மட்டும் போன் எடு, மற்றதெல்லாம் கடிதத்திலை எழுது." இத்தனை வருசமாக நீ அதைக் காப்பாற்றுகிறாய். சமர்த்துப் பிள்ளை.

முதுகைக் கவனி. பதில் போடு.
அக்கா


பலேர்மோ
08.03.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் பாதி வருத்தம் போய்விட்டது. மீதி முதுகுவலி, அது வேலையோடு வந்தது, வேலையோடுதான் போகும். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதுவதை நம்ப ஆசைப்படுகிறேன்.

நான் பராமரிக்கிற சிஞோரா அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. லிபெர்த்தா தெருவில் நாலாம் மாடி. உங்கள் கடிதத்தை இத்தாலியனில் சொல்லிக் காட்டினேன். "அந்த அவுஸ்திரேலியாக்காரி சொல்லுறது முழுக்கச் சரி, கிறிகோரியோ" என்று மேசையில் அடித்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் ஞாயிறு விருந்துக்கு வந்தால் முள்ளுக்கரண்டிக்குப் பக்கத்தில் கைப்போனை வைக்கிறார்களாம். "சூப் ஆறுது, அவங்கள் ஆரோடையோ கதைக்கிறாங்கள்." கடைக்குப் போகச் சொன்னாலும் போகமாட்டார். ஒலிபெருக்கி கட்டிய மூன்றுசில்லு வண்டி தெருவில் வந்தால் பல்கணியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். நேற்று சியாகுல்லி மண்டரின் தோடம்பழம் வந்தது. காலம் பிந்திக் காய்க்கிற சாதி, தேன்தான். அதில் ஒன்று சரியில்லை என்று கூடையோடு திருப்பி இறக்கி, வண்டிக்காரனோடு நாலாம் மாடியிலிருந்து சண்டை பிடித்தார்.

அந்தப் போன்காரனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம்பரை மாற்ற வேண்டாம் அக்கா. யாரோ பாவம், தனித்துப்போன ஆளாக இருக்கும். ஒரு ஹலோ சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? சுரேஸுக்கும் சொல்லுங்கோ, நம்பர் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் சுகத்துக்காக இங்கே மலையில் இருக்கிற புனித றொசாலியாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.
தம்பி கிறிகோரி


பிறஸ்ரன்
05.04.1998

அன்பின் தம்பிக்கு,

இன்று கோயிலில் குருத்தோலை தந்தார்கள், உன் பெயருக்கும் ஒரு துண்டு மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினேன். எனக்கு ஒரு குறையுமில்லை. உன் சிஞோராவுக்கு என் வணக்கத்தைச் சொல். கூடை இறக்குகிற மனிசி கெட்டிக்காரிதான்.

நீ அந்த ஊமையனுக்காகப் பரிந்து எழுதினாய். அதற்கு முதலே நான் ஒரு ஞாயிறு பொறுமை கெட்டு, "குறுக்காலை போவானே, ஆரடா நீ? உனக்கு வாயிலை கொழுக்கட்டையோ?" என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் கொட்டினேன். மூச்சு வாங்கி நிறுத்தினால் அவன் இன்னும் நிற்கிறான்! போனை வைக்கவில்லை. எருமையில் மழை பெய்தது போலத்தான். எனக்கே பாவமாகப் போய், அன்று மீன் வாங்கின கதையைச் சொன்னேன். அதையும் கேட்டான்.

இப்போது ஞாயிறு வந்தால் போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கிறேன். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் விளங்கவா போகிறது? எதையும் சொல்லலாம். சுவரோடு கதைப்பதைவிட இது மேல், சுவருக்கு மூச்சு இல்லை. அவனுக்கு வாயில்லாச் சீவன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நம்பரை மாற்ற வேண்டாம் என்று சுரேஸிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு துக்கமான விசயம். டொறீன் குசினியில் விழுந்துவிட்டாள். இரண்டு நாள் அப்படியே கிடந்திருக்கிறாள், ஒருவரும் தேடவில்லை. வாசலில் பேப்பர் எடுக்காமல் கிடந்ததைக் கண்டு நான்தான் கதவைத் தட்டினேன். இனி வீட்டுக்கு வரமாட்டாள், முதியோர் விடுதியில் விட்டிருக்கிறார்கள். சுரேஸ் இதைக் கேட்டதிலிருந்து, "அம்மா, உங்களுக்கு இப்பிடி நடந்தால் ஆர் பாக்கிறது? உங்களுக்கும் ஒரு நல்ல இடம் பாப்பம்" என்று அரிக்கிறான். தன் வீட்டுக்கு வரச் சொல்லியும் கேட்டான். காலையில் புருசன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லோரும் வெளிக்கிட்டுப் போனால், பின்னேரம்வரை அங்கேயும் நான் தனிதான். இங்கே தனியாக இருந்தால் என் அடுப்பாவது என்னோடு இருக்கும். என்னை இந்த வீட்டிலிருந்து கிளப்ப ஒருவராலும் ஏலாது. நான் விழுகிற ஆளுமில்லை.

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து.
அக்கா


பலேர்மோ
26.04.1998

அன்புள்ள அக்காவுக்கு,

பெருநாள் நல்லபடி முடிந்தது. நான் சுகம், சிஞோராவும் சுகம். உங்கள் வணக்கத்தைச் சொன்னேன், அவர் உங்களுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் அனுப்புகிறார்.

அக்கா, உடனே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். குளியலறையில் வழுக்காத றப்பர் விரிப்பு ஒன்று போடுங்கோ. சுவரில் ஒரு கைபிடி பூட்டுவியுங்கோ. இடது முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கி, இரவில் படுக்க முதல் தேயுங்கோ, வீக்கம் வற்றும். இருமலுக்கு மல்லித்தண்ணீர் குடியுங்கோ. பனியில் வெறும் காலோடு உடுப்புக் காயப்போடப் போகாதேங்கோ.

இங்கே வேறு புதினமில்லை. சிஞோராவின் வீட்டு லிப்ற் பழுது. நாலு மாடியும் நான்தான் லிப்ற்.

உங்கள் நினைவோடு,
தம்பி கிறிகோரி


பிறஸ்ரன்
17.05.1998

தம்பி,

சுகம்.

உன் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். பிறகு நான் உனக்கு எழுதியதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். குளியலறை என்று நான் எழுதவில்லை. முழங்கால் என்று எழுதவில்லை. இடது என்று எழுதவேயில்லை. இருமல் என்ற சொல்லே என் கடிதத்தில் கிடையாது. உனக்கு யார் சொன்னது?

நீ சுரேஸோடு கதைத்தாயோ? அவனுக்கு ஏதாவது சொன்னாயோ? நான் வழுக்கியது அவன் காதில் விழுந்தால் அடுத்த கிழமை நான் டொறீனுக்குப் பக்கத்துக் கட்டிலில்தான். கையைப் பிடித்து நடக்கப் பழக்கினவள் கேட்கிறேன், அவனிடம் வாய் திறக்காதே.

உடனே பதில் போடு.
அக்கா


பலேர்மோ
07.06.1998

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் தொடங்கிவிட்டது, அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிக் காலுறையைச் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கோபித்துக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. சிஞோரா குளியலறையில் வழுக்கினார், அதைப் பார்த்துத்தான் உங்களுக்கும் எழுதினேன். வயதான பெண்கள் பெரும்பாலும் இடது பக்கமாகத்தான் விழுவார்களாம், இங்குள்ள டொக்டர் சொன்னார். இருமல் குளிர்காலத்தில் எல்லோருக்கும் வரும். சுரேஸோடு நான் கதைத்தே வருசக்கணக்கு. சத்தியமாக அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

சிஞோரா கேட்கிறார், ட்றாமில் அந்தத் தடித்த பெண்ணுக்கு வேறு வேலை கிடைத்ததா என்று. இரண்டு நாளாக இதையே கேட்கிறார்.

விரிப்புப் போட்டுவிட்டீர்களோ?
தம்பி கிறிகோரி


பலேர்மோ
12.07.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரமுன்பே எழுதுகிறேன். சுகமாக இருப்பீர்கள். சுகம் கூடிவிட்டதோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.

நான் ஒன்றும் கேள்விப்படவில்லை. பொதுவாகத்தான் எழுதுகிறேன். எழுபது வயதில் ஒருவர் மோதிரம் மாற்றினால் சனம் என்ன சொல்லும்? சனம் கிடக்கட்டும், அத்தானின் படத்துக்கு முன்னால் எப்படி விளக்குக் கொளுத்துவது? அதுவும் கிரேக்கர்களை நம்பலாமா? சிஞோரா சொல்கிறார், அவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முதல் இந்தச் சிசிலித் தீவுக்குச் சும்மா ஒருக்கால் வந்தவர்களாம், பிறகு போகவேயில்லையாம். அதுவும் மூலைக்கடை வைத்திருக்கிற ஆட்கள் இனிக்க இனிக்கக் கதைப்பார்கள். தாரமிழந்தவர்கள் இன்னும் கூடக் கதைப்பார்கள். அவர் எங்கள் உறைப்பைச் சாப்பிடுவாரோ? சாப்பிடாவிட்டால் இரண்டு சமையலோ? உங்கள் முழங்காலுக்கு இரண்டு சமையல் ஏலுமோ?

எல்லாம் பொதுவாகத்தான்.

அவசரப்பட்டு ஒன்றும் செய்யாதேங்கோ. நாளை மறுநாள் றொசாலியாவின் பெருவிழா. கால் நோகிறதென்று பாராமல் மலை ஏறி உங்களுக்காக மன்றாடப் போகிறேன்.
தம்பி கிறிகோரி


பிறஸ்ரன்
30.07.1998

என்ரை தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் விலா நோகிறது, வேறு நோவில்லை.

மூலைக்கடைக் கிரேக்கன் யானியை நான் கட்டப்போகிறேன் என்று இந்த உலகத்தில் ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னேன். அதுவும் பச்சைப் பொய். அந்த மனிசனுக்குப் பெண்சாதி குத்துக்கல்லுப் போல இருக்கிறாள். அந்த ஒரு ஆளுக்குத்தான் இடது முழங்கால் கதையும் சொன்னேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், வாயே திறக்காத தவளை கடிதம் எழுதிக் கெட்டதை இப்போதுதான் பார்க்கிறேன். போனில் கோயில் மணிக்குப் பின்னால் ஒருவன் ஒலிபெருக்கியில் கத்துவதும் கேட்டது. உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கூடை மனிசியின் மூன்றுசில்லு வண்டி.

கள்ளப்பயலே. சத்தியத்தையும் மீறாமல், அக்காவையும் விடாமல் இருக்க எங்கே படித்தாய்? உனக்குக் கோபத்தில் இரண்டு அடி போடலாம் என்று நினைத்தேன். பிறகு அந்த ஞாயிறுகளை நினைத்தேன், கண்ணீர் வந்துவிட்டது. நீ இருக்கிறபடியே இரு. வாய் திறவாதே, போன் எடுப்பதையும் நிறுத்தாதே.

மற்றப்படி ஒரு நல்ல செய்தி. குளிர் கூடினதும் என் முழங்கால் வீங்கியதைச் சுரேஸ் கண்டுவிட்டான். பரவாயில்லை. நல்ல விடுதியாகப் பார்த்து, செப்ரெம்பர் முதலாம் திகதிக்கு ஒரு அறை எடுத்திருக்கிறான். சன்னல் இருக்கிறது, சாப்பாடு நேரத்துக்குத் தருவார்கள், சமைக்க வேண்டியதில்லை. நான் மிகவும் சந்தோசமாகப் போகிறேன். நீ ஒன்றும் யோசிக்காதே.

பெட்டி கட்ட வேண்டும், நிறுத்துகிறேன்.
அக்கா


பலேர்மோ
10.08.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தமுறை உண்மையாகவே தெரியவில்லை.

நேற்றுப் போனில் கதைத்தது நான்தான். இத்தனை மாதமும் கதைக்காமல் நின்றதும் நான்தான். உங்கள் கடிதங்கள் எல்லாம் "சுகம், சுகம்" என்றே வந்தன. ஒரு நாள் பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் போன் கூண்டைக் கண்டேன். ஹலோ என்று சொல்கிற குரலைக் கேட்டால் தெரியும், பிறகு வைத்துவிடலாம், வாய் திறக்காவிட்டால் சத்தியம் கெடாது என்று நினைத்தேன். பிறகு நீங்கள் கதைக்கத் தொடங்கிவிட்டீர்கள். கடிதத்தில் இல்லாத அக்கா போனில் இருந்தா. நான் வாய் திறந்தால் அந்த அக்காவும் சுகம் என்று சொல்லத் தொடங்கிவிடுவா. அந்தப் பயத்தில்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு முந்தின ஞாயிறு அந்த விடுதிக் கதையைச் சொன்னீர்கள். "எனக்குப் பயமாய்க் கிடக்கு. பொடியன் அழுதான், அவன்ரை முகத்துக்காக ஓம் எண்டுட்டன். என்ரை அடுப்பை விட்டிட்டு அங்கை போய் என்ன செய்யப்போறன்? போகாதை எண்டு ஒரு சனம் மறிக்கேல்லை" என்று சொல்லி அழுதீர்கள். நான் கூண்டுக்குள் நின்று சத்தம் வராமல் அழுதேன். கடிதம் எழுதலாம் என்று பேனையை எடுத்தேன். எழுதினால் என்ன, நீங்கள் சந்தோசம் என்று பதில் போடுவீர்கள். சிஞோராவிடம் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். "கிறிகோரியோ, செத்தவை போன் எடுக்கமாட்டினம். அது உயிரோடை இருக்கிறவைக்குத்தான்" என்று என்னைத் துரத்தினார்.

அதனால்தான் நேற்று, "அக்கா, போகாதேங்கோ" என்றேன்.

டமார் என்று ஒரு சத்தம். பிறகு நீங்கள் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன், போன் 'பிஸி' என்றே அடித்தது. சத்தியத்தை முறித்ததற்காக என்னை வெறுத்துவிட்டீர்களோ? உங்கள் கடிதம் வரும்வரை இனி போனைத் தொடமாட்டேன். விழுந்துகிழுந்து போனீர்களோ என்று ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லிச் சுரேஸுக்கு மட்டும் எடுத்தேன். பிறகு திரும்ப எடுத்தபோது, அம்மா இருக்கிறா என்று ஒரு சொல்லுத்தான் சொன்னான், வைத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்கிற
தம்பி கிறிகோரி


பிறஸ்ரன்
30.08.1998

என்ரை கிறிகோரிக்கு,

இருக்கிறேன். முழங்கால் நோகிறது. இருமல் இன்னும் முற்றாக விடவில்லை. இரவில் நித்திரை குறைவு. இனிமேல் கடிதத்திலும் உள்ளதைத்தான் எழுதுவேன், வாசித்து அனுபவி.

என் முந்தின கடிதம் உனக்குப் பிந்தித்தான் கிடைத்திருக்கும். நின்றது நீதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த ஞாயிறு எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதத்தில் எழுத வெட்கமாக இருந்தது. ஆனால் நீ கதைப்பாய் என்று நினைக்கவேயில்லை. "அக்கா" என்ற சத்தம் கேட்டதும் எனக்கு உலகம் இருண்டுவிட்டது. போனில் உன் குரல் வந்தால் சாவுதானே. ஆர் போனது என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். நீ கதைக்கிறாய். அப்படியென்றால் செத்தது நான்தான் என்று நினைத்துவிட்டேன்! போன் கையை விட்டு விழுந்து வயரில் தொங்கினது. அதை எடுத்து வைக்கிற தெம்பு வரவில்லை. நீ சொன்னது மட்டும் காதுக்குள் நின்றது.

உன்னுடைய போனைக் கேட்டுச் சுரேஸ் பறந்து வந்தான். கதிரையில் இருந்து அழுகிற என்னைக் கண்டு பதறிப்போனான். நான் உள்ளதைச் சொன்னேன்: "நான் போகேல்லையடா. நீ அழுததுக்காகத்தான் ஓம் எண்டனான்." அவன் நிலத்தில் இருந்து என் காலைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, டொறீன் மாதிரி நீங்கள் கிடந்தால் நான் என்னெண்டு தாங்குவன்?" என்றான். அவன்மேல் பிழையில்லை, பயந்த பிள்ளை.

"டொறீனுக்கு ஒருத்தரும் போன் எடுக்கேல்லை. எனக்கு ஞாயிறு தவறாமல் ஒருத்தன் எடுக்கிறான். நான் பதில் சொல்லாமல் விட்டதும் உனக்கு எடுத்து உன்னை இஞ்சை ஓடிவரப் பண்ணினானே, பாத்தனியோ? பலேர்மோவிலை இருந்து!" என்றேன். காலை விட்டுவிட்டு எழும்பினான். பிறகு, "அப்ப மற்ற நாளுகள் நான் எடுக்கிறன், அம்மா. வேலைக்குப் போக முதல்" என்றான். இப்போது எடுக்கிறான். "எழும்பியாச்சோ?" என்று ஒரு சொல்லுத்தான், எனக்கு அது போதும். விடுதி அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். குளியலறையில் கைபிடி பூட்டிவிட்டான், விரிப்பும் போட்டாயிற்று. கட்டின பெட்டியை அவிழ்த்துச் சட்டி பானையை அடுப்பில் ஏற்றினேன். டொறீனை அடுத்த சனி கூட்டிவந்து சோறு கொடுக்கப்போகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ட்றாம் இயந்திரத்தைத் திட்ட வேண்டும். கூடை மனிசிக்குச் சொல், அந்தத் தடித்த பெண் இப்போது பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளைத் தெருக் கடக்கப் பண்ணுகிறாள்.

நீ பயந்துபோய் மூன்று ஞாயிறாகப் போன் எடுக்கவில்லை. இன்றைக்கும் அது அடிக்கவில்லை. வீடு விறைத்துப்போய்க் கிடக்கிறது.

அந்தச் சத்தியத்தை நான்தான் வாங்கினேன், நானே திருப்பித் தருகிறேன். அந்தோனியாரோடு நான் கதைத்துக்கொள்கிறேன், அவர் எனக்கு வேண்டியவர். எங்களில் யார் முதலில் செத்தாலும் அந்தச் சேதி கடிதத்தில் ஆறுதலாக வரட்டும். அதற்கு ஒரு அவசரமுமில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்துக் கதை.

கதிரை போட்டு வைத்திருக்கிறேன்.
அக்கா